வேகமா, சுருதியா, பாவமா: பியானோ பாடம் எங்கே இடிக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், வீட்டில் வைத்துப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். யூனிசா, ஏபிஆர்எஸ்எம் இசைப் பரீட்சைகள் நெருங்கும் மாதங்களில் கைப்பேசிக்கு வரும் குரல்பதிவுகள் எல்லாம் ஒரே அச்சு. பிள்ளை வாசிக்கும் அரை நிமிடம், பின்னணியில் குக்கர் விசில், முடிவில் அம்மாவின் குரல்: "டீச்சர், நோட் எல்லாம் சரியாத்தான் வாசிக்கிறான். ஆனா என்னமோ ஒண்ணு இல்லை."

அந்த 'என்னமோ ஒண்ணு'க்குப் பெற்றோர் வைத்திருக்கும் பெயர் 'ஃபீலிங்'. பிள்ளைக்கு உணர்ச்சி போதவில்லை என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை கோளாறு பிள்ளையின் மனதில் இருந்தது குறைவு. மெட்ரோனோமிலும் (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) பெடலிலும் தாளின் மேல் மூலையிலும் இருந்ததுதான் அதிகம். அதனால் பாவத்தை, அதாவது உணர்ச்சி வெளிப்பாட்டை, கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். உங்கள் வீட்டு அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேரே அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், காசு பிடிக்கும் காரணம் பின்னால்.

கையில் வேண்டியவை: பென்சில், கைப்பேசியில் ஒரு மெட்ரோனோம் செயலி, சுருதி காட்டும் ஒரு டியூனர் செயலி. இரண்டும் இலவசமாகக் கிடைக்கும்.

## தூங்கி வழிகிறது

பெரும்பாலும் பீத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் பகுதியோடுதான் இந்தப் புகார் வரும்.

முதலில் பிள்ளை கேட்டுப் பழகிய வீடியோவைப் பாருங்கள். 0.75 வேகத்தில் ஓடுகிறதா? பழகுவதற்காகக் குறைத்து வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். அப்படிக் குறைத்தாலும் சுருதி இறங்காது, வேகம் மட்டும்தான் இறங்கும். அதனால் காது கண்டுபிடிக்காது.

வீடியோ சரியென்றால் தாளக் குறி. முதல் வரியின் தொடக்கத்தில் பிறை போல ஒரு குறி இருக்கும். அதன் நடுவே செங்குத்தாக ஒரு கோடு போகிறதா? நகலுக்கு நகல் எடுத்த தாள்களில் அந்தக் கோடு காணாமல் போயிருக்கும், நல்ல பதிப்போடு ஒப்பிடுங்கள். கோடு இருந்தால் ஒரு பாருக்கு (இரண்டு நெடுங்கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு) தட்டு நான்கல்ல, இரண்டு. 'அடாஜியோ' (நிதானமாக) என்று மேலே எழுதியிருப்பது அந்த இரண்டு தட்டுக்கு. அதை நான்காகத் தட்டி, ஒவ்வொரு தட்டையும் அடாஜியோவாக இழுத்தால் தூக்கம் வராமல் என்ன செய்யும்?

சோதனை சுலபம். பியானோவை மூடிவிட்டு, மும்மூன்றாக வரும் நோட்டுகளை வாயால் 'தகிட தகிட' என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு தகிட. கோயில் வகுப்பில் மிருதங்கம் படிக்கும் பிள்ளைகள் இதை ஒரே நிமிடத்தில் பிடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இது வெறும் திஸ்ர நடை. பிறகு மெட்ரோனோமை கிராச்செட்டுக்கு (கால் நோட்டுக்கு) 54இலிருந்து 60க்குள் வைத்து, உடம்பில் மட்டும் இரண்டாக உணரச் சொல்லுங்கள். மூச்சு வந்துவிடும்.

புத்தகத்தில் வேறு எண் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். பீத்தோவன் இதை எழுதியது 1801இல். மெட்ரோனோமுக்கு மெல்ட்செல் காப்புரிமை வாங்கியது 1815இல். ஆகவே அங்கே அச்சாகியிருக்கும் எண் எதுவானாலும் பின்னால் வந்த பதிப்பாசிரியர் போட்டது. எழுதியவரே போட்ட எண்ணாக இருந்தாலும் கொஞ்சம் யோசிக்கலாம். ஷூமானின் 'டிராய்மெரை' 1838ஆம் ஆண்டு. பெயருக்குப் பொருள் கனவு காண்பது. முதல் பதிப்பில் கிராச்செட்டுக்கு 100 என்று இருக்கிறது. அந்த வேகத்தில் வாசித்துப் பாருங்கள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கனவாக இருக்கும். அவர் மனைவி கிளாரா பின்னால் கொண்டுவந்த பதிப்பில் அது 80 ஆனது. இன்று பலர் அதற்கும் கீழேதான் வாசிக்கிறார்கள்.

## சிங்கமாகத் தொடங்கி நடுவில் நொண்டுகிறது

இது பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' நோய். முதல் எட்டு பார் யாருக்கும் வரும். தைவானில் குப்பை வண்டி வரும்போது ஒலிபரப்புகிற அளவுக்கு உலகம் கேட்டுச் சலித்த மெட்டு அது. எஃப் மேஜர் பகுதிக்குள் நுழைந்து பொடிப்பொடி நோட்டுகள் வந்ததும் வண்டி மேட்டில் நின்றுவிடும்.

காரணம் ஒன்றுதான்: வேகத்தை முதல் வரியைப் பார்த்து முடிவு செய்தது. எப்போதும் கடினமான இரண்டு வரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்தப் பொடி நோட்டுகளைத் தனியே எடுத்து, மூன்று முறை தொடர்ந்து தவறில்லாமல் வருகிற வேகம் எது என்று மெட்ரோனோமில் கண்டுபிடித்துப் பென்சிலால் எழுதுங்கள். இன்றைக்குப் பாடத்தின் வேகம் அதுதான், தொடக்கத்துக்கும் அதே. "டீச்சர், ஸ்டார்ட்டிங் ரொம்ப ஸ்லோவா இருக்கே" என்று பிள்ளை முகம் சுளிக்கும். இருக்கட்டும். மேலே 'போகோ மோட்டோ' என்றுதான் போட்டிருக்கிறது, கொஞ்சம் நகர்வு இருந்தால் போதும் என்கிற அளவுக்கு. எண்ணை இரண்டிரண்டாக ஏற்றுங்கள்.

ஏறவே மாட்டேன் என்றால் விரல் எண்களைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு விரலில் வாசித்தால் வேகம் எந்தக் காலத்திலும் வராது. விரலை மாற்றிப் பழக்குவதற்குக் காசு வேண்டாம், ஆனால் இரண்டு மூன்று வாரம் போகும்.

விரலும் சரி, ஆனால் பின்பகுதியில் இடது கை ஒரே 'ஏ'யைத் திரும்பத் திரும்ப அடிக்கும் இடத்தில் மட்டும் சிக்குகிறதா? அதே வேகத்தில் பக்கத்துக் கட்டையை அடித்துப் பாருங்கள். பக்கத்துக் கட்டை சரியாகத் திரும்பி மேலே வந்து, இந்த ஒன்று மட்டும் சோம்பினால் பிள்ளையைத் திட்டாதீர்கள், குற்றம் மரத்தில் இருக்கிறது. பியானோ மெக்கானிக்கைக் கூப்பிடும் இடம் அது.

வாசிக்கும்போது மணிக்கட்டோ முன்கையோ வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகும் வலித்தால் டாக்டர் அல்லது பிசியோதெரபிஸ்ட். வேகம் ஏற்றும் வேலை அதற்குப் பிறகு.

## மெட்ரோனோமோடு சேர மாட்டேன் என்கிறது

கோபுர வடிவப் பழைய மெட்ரோனோம் என்றால் கண்ணை மூடி அதன் ஓசையை மட்டும் கேளுங்கள். 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி ஒன்றுபோல் இல்லையென்றால் மேஜை சரிந்திருக்கிறது. ஒரு பக்கம் அட்டையை மடித்து வைத்தால் தீர்ந்தது. அப்படியும் நொண்டினால் அதை அழகுக்கு அலமாரியில் வைத்துவிட்டுச் செயலிக்கு மாறுங்கள்.

செயலி என்றால் அலகைப் பாருங்கள். டெபுஸ்ஸியின் 'க்ளேர் டி லூன்' ஒரு பாருக்கு ஒன்பது குவேவர் (கிராச்செட்டில் பாதி). அதில் தட்டு மூன்று. செயலி ஒன்பதையும் தட்டிக்கொண்டிருந்தால் யாராலும் சேர முடியாது. இரண்டும் சரியாக இருந்து, 'ருபாட்டோ' (வேகத்தை இழுத்தும் விட்டும்) என்று எழுதிய இடத்தில் மட்டும் பிரிகிறார்களா? அங்கே பிரியத்தான் வேண்டும். மெட்ரோனோமை அணையுங்கள்.

## பதிவோடு சேர்த்து வாசித்தால் கடிக்கிறது

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. ஒவ்வொரு முறையும் காரணம் வேறாக இருக்கும்.

மின்பியானோ என்றால் சுருதியை ஏற்றி இறக்கும் 'டிரான்ஸ்போஸ்' அமைப்பைப் பாருங்கள். திரையில் +1, -2 என்று ஏதாவது இருக்கிறதா? கோயில் பஜனைக்குப் பாடுபவர் கட்டைக்கு ஏற்ப யாராவது மாற்றி வைத்திருப்பார்கள். பல மாடல்களில் அணைத்துப் போட்டாலே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். லோட் ஷெடிங் (மின்வெட்டு) நமக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

அடுத்து, பதிவையே சந்தேகப்படுங்கள். பாக் முதலியவர்களின் பாடங்களைப் பழங்காலக் கருவிகளில் வாசிப்பவர்கள் பலர் 'ஏ' சுரத்தை 440 ஹெர்ட்ஸில் வைக்காமல் 415இல் வைக்கிறார்கள். இன்றைய கணக்கில் அது சரியாக அரைச் சுரம் கீழே. வேறு இரண்டு பதிவுகளைப் போட்டுப் பாருங்கள். அவற்றோடு சேர்ந்தால் உங்கள் பியானோவில் பழுதில்லை.

மரப்பியானோ என்றால் டியூனர் செயலியைத் திறந்து நடுவிலுள்ள 'ஏ'யை அடியுங்கள். 440ஐ ஒட்டி நின்றால் நல்லது. 415ஐ ஒட்டி நின்றாலோ, செயலி 'ஜி ஷார்ப்' என்று காட்டினாலோ பியானோ அரைச் சுரம் இறங்கிக் கிடக்கிறது.

எனக்கு இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது செயலி அல்ல, மாணவன் ஒருவனின் பாட்டி. ஊரில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. ஆடி மாதம் அம்மன் கஞ்சிக்குப் போயிருந்தபோது, வீடு காலி செய்தவர்களிடம் வாங்கிய பழைய பியானோவில் பேரன் வாசித்துக்கொண்டிருந்தான். கூடவே கைப்பேசியில் பதிவு. பெரியம்மா ஹார்மோனியத்தோடு தேவாரம் பாடிப் பழகியவர். கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றார்.

"அது ஒன்றரைக் கட்டையில பாடுது. இவன் ஒரு கட்டையில வாசிக்கிறான். ரெண்டையும் சேத்து வச்சா நாய் குரைக்காம என்ன பண்ணும்?"

மறுவார்த்தை இல்லை. பாடம் சி ஷார்ப் மைனர், ஹார்மோனியக் கணக்கில் ஒன்றரைக் கட்டை. பியானோ பல வருடம் டியூன் காணாமல் அரைக் கட்டை இறங்கியிருந்தது. உள்ளுக்குள் எல்லாக் கம்பியும் ஒரே சீராக இறங்கியிருந்ததால், தனியே வாசிக்கும்போது யார் காதிலும் படவில்லை.

இங்கே வீட்டு வைத்தியம் கிடையாது. ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஒரு பியானோவில் இருநூற்றுச் சொச்சம் கம்பிகள் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 15 டன்னுக்கு மேல். சுருதி சேர்க்கும் டியூனரைக் கூப்பிடும்போது "அரைச் சுரம் இறங்கியிருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது ஒரே சுற்றில் முடிகிற வேலை அல்ல; ஏற்றி, நிற்கவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குத் தகுந்த கூலியும் கேட்பார். கடற்காற்றில் துருப்பிடித்த கம்பி என்றால் ஏற்றும்போது அறுந்துபோகவும் கூடும். அப்படியானால் 440ஐ மறந்துவிட்டு, இருக்கிற உயரத்திலேயே தனக்குள் சுருதி சேர்த்துத் தரச் சொல்லலாம். வீட்டில் தனியே வாசிக்க அது போதும். பதிவோடும் வயலினோடும் மட்டும் சேராது.

ஜோஹன்னஸ்பர்க் பக்கமிருந்து பாக்கி (பிக்கப்) வண்டியில் ஏற்றி வந்த பியானோவா? இறக்கிய மறுநாளே டியூனரைக் கூப்பிடாதீர்கள். அங்கே குளிர்காலக் காற்று எலும்பாகக் காய்ந்தது, இங்கே ஈரம். ஒலிப்பலகை ஈரம் குடித்து உப்பும், சுருதி ஏறும், கட்டைகள் ஒட்டும். இரண்டு மூன்று வாரம் இடம் பழகட்டும்.

## ஒரே ஒரு இடம் பல்லில் கல்லாகக் கடிக்கிறது

ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றும் குறி) ஒன்றை மறந்திருப்பார்கள், அவ்வளவுதான். வரி மாறும் இடத்தில்தான் அதிகம் மறப்பார்கள். அந்த நோட்டைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

'மூன்லைட்'டில் மட்டும் ஒரு தனிப் பொறி உண்டு: பி ஷார்ப். ஷார்ப் என்றதும் பிள்ளை கறுப்புக் கட்டையைத் தேடும். பி-க்கு வலப்பக்கம் கறுப்பே கிடையாது, வெள்ளை 'சி'யைத்தான் அடிக்க வேண்டும்.

சரியான கட்டையை அடித்தும் இரண்டு குரலாக, நெளிநெளியாகக் கேட்டால் அந்த நோட்டின் மூன்று கம்பிகளில் ஒன்று நழுவியிருக்கிறது. டியூனர் வேலை.

## மேஜரா மைனரா என்று தெரியவில்லை

காதுச் சோதனையில் கேட்கும்போது நம் பிள்ளைகள் தடுமாறுவார்கள். "சோகமா இருந்தா மைனர்" என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது பொய்க்கணக்கு. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி எழுதிய முதல் 'ஜிம்னோபெடி', 1888, ஷார்ப் இரண்டு, டி மேஜர். மேலே அவர் எழுதிய பிரெஞ்சுக் குறிப்போ 'மெதுவாக, வேதனையோடு'. முடியும் இடத்தில் மைனர் நிழல் விழுகிறது, ஆனால் வேதனை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

நான் சொல்லித்தரும் வழி வேறு. பாடத்தின் கடைசி பாரில் இடது கையின் அடி நோட்டை அடியுங்கள். அதை 'ஸ' என்று வையுங்கள். அங்கிருந்து ஸ-ரி-க பாடி, பாட்டின் தொடக்கத்தோடு ஒட்டிப் பாருங்கள். அந்தர காந்தாரம் ஒட்டினால் மேஜர், சாதாரண காந்தாரம் ஒட்டினால் மைனர். சங்கராபரணமும் கீரவாணியும் தெரிந்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான்கு ஷார்ப் என்றால் ஈ மேஜரும் ஆகலாம், சி ஷார்ப் மைனரும் ஆகலாம். கடைசி அடி நோட்டு சண்டையைத் தீர்த்துவைக்கும்.

நடுவில் குறிகள் மாறுகின்றனவா? ஷோபானின் 'மழைத்துளி' என்று அழைக்கப்படும் பிரெலூடில் ஐந்து ஃபிளாட் (அரைச் சுரம் இறக்கும் குறி) திடீரென்று போய் நான்கு ஷார்ப் வரும். பிள்ளைகள் வெலவெலத்துப் போவார்கள். டி ஃபிளாட்டும் சி ஷார்ப்பும் ஒரே கறுப்புக் கட்டை, அதே ஒன்றரை. ஸ நகரவில்லை, ராகம்தான் மாறியது. 'ஃபூர் எலீஸ்' அப்படி அல்ல: ஏ மைனரிலிருந்து எஃப் மேஜருக்குப் போகும்போது ஸ-வே இடம் மாறுகிறது. தம்பூரா போட்டுப் பழகிய காதுக்கு இது முதலில் அநியாயமாகப் படும், பழகிவிடும்.

இதே ஒன்றரைக் கட்டையால் ஒரு வேடிக்கையும் நடக்கும். "நிலா பாட்டு" என்று கேட்டு அனுப்பிய வீட்டில் பீத்தோவனுக்குப் பதில் டெபுஸ்ஸியின் 'க்ளேர் டி லூன்' (அதற்கும் பொருள் நிலவொளிதான்) அச்செடுத்துத் தந்துவிடுவார்கள். டெபுஸ்ஸியுடையது டி ஃபிளாட் மேஜர், பீத்தோவனுடையது சி ஷார்ப் மைனர். பாடமே வேறு என்று தெரியாமல் இரண்டு வாரம் 'வேகம் சரியில்லை' என்று பிள்ளையை வறுத்தெடுத்த வீடு எனக்குத் தெரியும்.

## எல்லாம் சரி, பாவம் இல்லை

இங்கே வந்துசேர்ந்தால் பொறுமையாக, இந்த வரிசையிலேயே பாருங்கள்.

நடுப் பெடல். நிமிர்ந்த மரப்பியானோ பலவற்றில் நடுப் பெடலை அழுத்தி ஒரு பக்கம் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு துணி இறங்கிவிடும். அக்கம்பக்கத்தாருக்காக ராத்திரி பூட்டியதை மறந்து, துணியைப் போர்த்திக்கொண்டே மாதக்கணக்கில் வாசித்த பிள்ளைகள் உண்டு. மின்பியானோவில் இதற்கு இணை 'டச்' அமைப்பு. அது 'ஃபிக்ஸ்டு' என்றிருந்தால் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான் வரும். இதில் பாவத்துக்கு எங்கே போவது?

வலது பெடல். பெடலே இல்லாமல் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். நன்றாகிவிட்டதா? குற்றவாளி கால். 'மூன்லைட்' முகப்பில் 'சென்சா சோர்தினோ' என்று இருப்பதைச் சிலர் இடது பெடல் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். கம்பியை அடக்கும் டாம்பர் இல்லாமல், அதாவது வலது பெடலை அழுத்தி, என்று பொருள். பீத்தோவன் காலத்துப் பியானோவில் ஒலி சீக்கிரம் தேயும். நம்முடையதில் நெடுநேரம் நிற்கும். அழுத்தியபடி விட்டால் சேறு. அடி நோட்டு மாறும்போதெல்லாம் பெடலையும் மாற்ற வேண்டும். கால் நோட்டோடு சேர்ந்து இறங்கக்கூடாது, நோட்டு ஒலித்த பிறகு இறங்க வேண்டும். சரியாக மாற்றியும் சில நோட்டுகள் மட்டும் அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் டாம்பர் தேய்ந்திருக்கிறது, மெக்கானிக்.

இடது கையின் எடை. ஷோபானின் ஈ மைனர் பிரெலூட், மொத்தம் 25 பார். வலது கைக்கு வேலையே இல்லை, ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நோட்டுக்குப் போய் வருகிறது. அழுகை முழுதும் இடது கையில், மூன்று நோட்டுக் கூட்டங்கள் ஒவ்வொரு விரலாக அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்குவதில். பிள்ளைகள் அதை உரலில் இடிப்பது போல இடிப்பார்கள். சோதனை: இடது கையை மட்டும், சமையலறையில் இருப்பவருக்குக் கேட்காத அளவுக்கு மெல்ல வாசிக்கட்டும். அம்மா "கேக்குது" என்று குரல் கொடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. அதன்மேல் வலது கையைச் சாதாரணமாக வையுங்கள். பத்தில் எட்டு வீட்டில் என்றெல்லாம் கணக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் 'உணர்ச்சி வந்துவிட்டது' என்று பெற்றோர் சொன்ன தருணங்களில் நான் அதிகம் செய்த வேலை இதுதான்.

தலைப்பு ஏமாற்றுவது. 'மூன்லைட்' பீத்தோவன் வைத்த பெயர் அல்ல. ரெல்ஸ்டாப் என்ற விமர்சகர் நிலவை ஒப்பிட்டுச் சொன்னது ஒட்டிக்கொண்டது. நிலவை நினைத்து இனிமையாக வாசிக்க முயன்று பிள்ளை தடுமாறினால், தலைப்பைத் தாளால் மூடிவிட்டு, "இறந்த வீட்டில் ராத்திரி விழித்திருக்கிறாய், யாரையும் எழுப்பக்கூடாது" என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த முறை பெடலைக்கூட மெல்லத் தொட்டான்.

சுத்தியல். எவ்வளவு மெல்லத் தொட்டாலும் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கிறதா? வேறு வீட்டுப் பியானோவில் அதே பிள்ளை அதே பாடத்தை வாசித்துக் காட்டட்டும். அங்கே மென்மை வந்தால் உங்கள் பியானோவின் சுத்தியல் கம்பளி இறுகிவிட்டது. மெக்கானிக் ஊசியால் குத்தி இளக்குவார். நீங்கள் குத்தாதீர்கள், கம்பளி பிய்ந்தால் மாற்றுவதற்கு நிறையச் செலவாகும்.

இத்தனைக்கும் பிறகும் புரியவில்லையென்றால் உங்கள் டீச்சருக்குப் பதிவு அனுப்புங்கள். முழுப் பாடமும் வேண்டாம், இடிக்கிற எட்டு பாரும் அதற்கு முந்திய நான்கும் போதும். கைப்பேசியைப் பியானோ மேலேயே வைக்காமல் எட்டடி தள்ளி நாற்காலியில் வையுங்கள். குக்கர் விசில் அடங்கட்டும்.